பிரிக்கப்படாத கட்டுகள்

அமெரிக்க காமிக்ஸின் முதல் கறுப்பினத் துப்பாக்கி வீரன் இரண்டே இதழ்களில் மறைந்துபோனான். அவனைப் பிடிக்காமல் போனது வாசகர்களுக்கு அல்ல.

வீழ்த்திய எதிரியின் நெற்றியில் ஒரு தங்கக் காசை வைத்துவிட்டுப் போவது அவன் வழக்கம். காசில் ஓநாயின் உருவமும் 'எல்' என்ற எழுத்தும் பொறித்திருக்கும். அவனது சொந்தப் பெயரைக் கதை சொல்வதில்லை. எதிரிகள் அழைக்கும் பெயர்தான் நிலைத்தது: லோபோ. ஸ்பானிய மொழியில் ஓநாய் என்று பொருள்.

இத்தாலியில் பிறந்து சிவகாசி வழியாகத் தமிழுக்கு வந்த டெக்ஸ் வில்லரை ரசித்தவர்களுக்கு இந்த ரகம் புதிதல்ல. குதிரை, தொப்பி, இடுப்பில் துப்பாக்கி. ஒரே ஒரு வித்தியாசம், லோபோ கறுப்பினத்தவன். 1965 டிசம்பர் தேதியிட்டு டெல் நிறுவனம் அவன் பெயரிலேயே காமிக்ஸ் வெளியிட்டது. கற்பனையான கறுப்பின நாயகன் ஒருவனின் பெயரில் தனி இதழ் வருவது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. மார்வெலின் பிளாக் பேந்தர் தலைகாட்டியதே 1966-ல்தான். அதுவும் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழில், விருந்தாளியாக.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சூப்பர் ஹீரோக்களின் மவுசு குறைந்து, கௌபாய்களின் காலம் தொடங்கியிருந்தது. 1948-ல் கிட் கோல்ட், டூ-கன் கிட். 1955-ல் ராஹைட் கிட் என்று வரிசையாக வந்தார்கள். பெரும்பாலும் ஒரே சூத்திரம்தான்: நாயகன் நல்லவன், ஆனால் சட்டம் அவனைத் துரத்தும். இந்தச் சூத்திரத்தை வைத்தே கிட் கோல்ட் 1979 வரை 229 இதழ்கள் ஓட்டினான். இவர்கள் அத்தனை பேரும் வெள்ளையர்கள்.

வரலாறு அப்படி இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிச் சென்றவர்களில் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவராக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. விடுதலை பெற்ற அடிமைகளுக்குக் கிடைத்த சில வேலைகளில் அதுவும் ஒன்று. இவர்களைப் பற்றி ஃபிலிப் டர்ஹம், எவரெட் ஜோன்ஸ் இருவரும் எழுதிய புத்தகம் 1965-ல் வந்தது. லோபோவுக்குத் தூண்டுகோல் அந்தப் புத்தகம்தான் என்று பின்னாளில் சொன்னார் டெல்லின் ஆசிரியர் டி.ஜே. ஆர்னசன். கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டுதான். லோபோவுக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் இருந்திருக்க முடியாது.

ஆனால் கடைவீதியின் நிலவரம் வேறாக இருந்தது. அன்று காமிக்ஸ் இதழ்கள் மொத்த விநியோகஸ்தர்கள் மூலம் பத்திரிகைக் கடைகளுக்குக் கட்டுக்கட்டாகப் போகும். விற்காததைத் திருப்பி அனுப்பினால் காசு கணக்கில் வரவாகிவிடும். கட்டைப் பிரித்து அடுக்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு இதழைப் பிடிக்காத வியாபாரி அதை எதிர்த்துப் பேச வேண்டியதில்லை; சும்மா இருந்தாலே போதும்.

லோபோவுக்கு அதுதான் நடந்தது என்றார் அதை வரைந்த ஓவியர் டோனி டல்லாரிகோ. அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்ததும் கட்டுகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்களாம். அச்சிட்டது சுமார் 2 லட்சம் பிரதிகள், விற்றது 10 முதல் 15 ஆயிரம் என்பது அவர் சொன்ன கணக்கு. 1966 அக்டோபர் தேதியிட்ட இரண்டாவது இதழோடு லோபோவின் கதை முடிந்தது. நாயகனைப் படைத்தது யார் என்பதில் பிற்காலத்தில் ஆர்னசனும் டல்லாரிகோவும் ஒத்துப்போகவில்லை. கணக்குப் புத்தகத்தில் லோபோ வெறும் 'விற்காத சரக்கு'. பன்னிரண்டு சென்ட் கொடுத்து வாங்கியிருக்கக்கூடிய சிறுவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை.

1972-ல் மார்வெல் மீண்டும் முயன்றது. 'கன்ஹாக்ஸ்' இதழில் கிட் கேசிடி என்ற வெள்ளையனோடு ரெனோ ஜோன்ஸ் என்ற கறுப்பின வீரனும் சவாரி செய்தான். ஏழாவது இதழில் ரெனோ ஜோன்ஸே தனி நாயகன். அதுவே கடைசி இதழும்கூட. அதற்குள் கௌபாய் காமிக்ஸ்களுக்கே இறங்குமுகம் தொடங்கியிருந்தது.

லோபோவுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. 1983-ல் டி.சி. நிறுவனம் அதே பெயரில் ஒரு விண்வெளி முரடனை உருவாக்கியது. இன்று லோபோ என்றால் காமிக்ஸ் ரசிகர்களுக்கு நினைவில் வருவது அவன்தான்.

தாமதமாகவேனும் ஒரு மரியாதை வந்தது. கறுப்பினக் காமிக்ஸுக்கான விழா ஒன்றில் 2005-ல் டல்லாரிகோவுக்கு முன்னோடி விருது வழங்கினார்கள். விழா நடந்தது பிலடெல்பியாவில். அடிமையாகப் பிறந்து அமெரிக்க மார்ஷல் படையில் துணை அதிகாரியான பாஸ் ரீவ்ஸின் வாழ்க்கை 2023-ல் தொலைக்காட்சித் தொடராக வந்தது. கறுப்பின கௌபாயை ஏற்றுக்கொள்ள இப்போது ரசிகர்கள் தயார். அன்றைய ரசிகர்களும் தயாராக இருந்தார்களா என்பது, கட்டுகளைப் பிரித்திருந்தால் தெரிந்திருக்கும்.