கிளினிக்குக்கு மெஷின் வந்தாச்சு, நர்ஸ் சம்பளம் வந்துச்சா?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு கோடிங் கிடையாது, பணம் எப்படி நகருதுன்னு பார்க்கப் போறோம். தொண்டு நிறுவனங்கள் நடத்துற சின்ன கிளினிக்குகளுக்கு நாம கொடுக்கிற நன்கொடை, நோயாளிகிட்ட என்னவா போய்ச் சேருது?

ஐடில இருக்கிறவங்களுக்கு இது சுலபமா புரியும். சர்வர் வாங்குறது ஒரு தடவைச் செலவு. அதை ராத்திரி ரெண்டு மணிக்கும் ஓட வைக்கிறது மாசா மாசம் வர்ற செலவு. கிளினிக்கும் அப்படித்தான். கட்டடம், எக்ஸ்ரே மெஷின், ஆம்புலன்ஸ் எல்லாம் முதல் வகை. நர்ஸ் சம்பளம், லேப் பொருட்கள், டீசல், கரண்ட் பில் எல்லாம் ரெண்டாவது வகை. முதல் வகைக்கு ஸ்பான்சர் பிடிக்கிறது கொஞ்சம் ஈஸி. பேர் எழுதின பலகை மாட்டலாம், போட்டோ எடுக்கலாம். டீசல் பில்லுல யார் பேரை எழுதுறது?

இன்னொரு சிக்கல், "இதுக்கு மட்டும்"னு சொல்லிக் கொடுக்கிற பணத்தை வேற எதுக்கும் தொட முடியாது. மெஷினுக்கு வந்த 10 லட்சம் பேங்க்ல இருக்கும். அதை இயக்குற டெக்னீஷியனுக்கு இந்த மாசச் சம்பளம் இருக்காது.

பெரிய கம்பெனிகளோட சிஎஸ்ஆர் பணம் இருக்கேன்னு கேப்பீங்க. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். மருத்துவமும் அதில் அடக்கம். ஆனால் பல ஆண்டுத் திட்டம் என்றால், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக 3 ஆண்டுகள்தான் உச்சவரம்பு. சர்க்கரை நோயும் பிரஷரும் அந்தக் கணக்குல முடியுற புராஜெக்ட் இல்லையே!

வெளிநாட்டு நன்கொடைக்கு வேற விதி. 2020-ல் எஃப்சிஆர்ஏ சட்டம் திருத்தப்பட்டபோது, நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. டாக்டர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. அலுவலக வாடகை, கணக்கு எழுதுறவர் சம்பளம் சேரும். அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் இப்போ அனுமதி இல்லை. பெரிய அமைப்பு மூலமா பணம் வாங்கிட்டிருந்த சின்ன கிளினிக்குக்கு அந்த வழி மூடிடுச்சு.

சரி, "நோயாளி உதவி"ன்னு சொல்றாங்களே, அது ஏன் முக்கியம்? காசநோயை எடுத்துக்குவோம். அரசு மருந்தை இலவசமா கொடுக்குது. வழக்கமான சிகிச்சை 6 மாசம். கூலி வேலை செய்யுறவருக்கு ஆஸ்பத்திரி போற நாள்ல கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. பாதியில நிறுத்தினா நோய் திரும்பலாம், மருந்துக்கு அடங்காத வகையாவும் மாறலாம். அரசு கொடுக்கிற ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது.

உணவு நிஜமாவே வேலை செய்யுதா? ஜார்க்கண்டில் நடந்த "ரேஷன்ஸ்" ஆய்வு 2023-ல் லான்செட் இதழில் வெளியானது. நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருள் கொடுத்தாங்க. ஒரு பிரிவுல மட்டும் வீட்டில் கூட இருக்கிறவங்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம் பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதுசா காசநோய் வர்றது 39 சதவீதம் குறைஞ்சது. அரிசி மூட்டையும் மருத்துவச் செலவுதான் மக்களே.

அதனால அடுத்த தடவை நன்கொடை கொடுக்கும்போது மூணு கேள்வி கேளுங்க. போன வருஷம் சம்பளத்துக்கு எவ்வளவு குறைஞ்சது? சிகிச்சையை பாதியில விட்டவங்க எத்தனை பேர், ஏன்? நிதி நின்னா எத்தனை மாசம் தாக்குப்பிடிப்பீங்க? பதில் திருப்தியா இருந்தா, நிபந்தனை போடாம மாசம் 500 ரூபாயாவது ஆட்டோ டெபிட் போடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை 6,000 கொடுத்தாலும் தொகை ஒண்ணுதான். ஆனா மாசாமாசம் வரும்னு தெரிஞ்சாதான் அவங்களால ஒரு நர்ஸை தைரியமா வேலைக்கு எடுக்க முடியும்.

உங்க ஊர் கிளினிக் என்ன பதில் சொல்லுச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.