நெஞ்சுவலியோடு விடியலுக்குக் காத்திருக்காதீர்கள்

அஞ்சுகிராமம் சுற்றுவட்டாரத்தில் நெஞ்சுவலி பெரும்பாலும் நள்ளிரவு தாண்டியோ விடியற்காலையிலோ தொடங்குகிறது. நோயாளி என் முன்னால் வந்து உட்காரும்போது காலை பத்து மணி ஆகியிருக்கும். அதற்குள் ஓமத்திரவம் குடித்திருப்பார். சோடா உடைத்துக் குடித்திருப்பார். நெஞ்சில் தைலம் தேய்த்து முதுகை நீவிவிட்டிருப்பார்கள். தெருமுனை மெடிக்கல் ஷாப் திறந்ததும் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டிருப்பார். சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். ஆனால் சொல்வது ஒன்றுதான்: "வாய்வு பிடிச்சிருக்கு சார், ஒரு ஊசி போட்டா சரியாயிரும்." ஈசிஜி எடுத்தால் பெரிய மாரடைப்பு.

மயிலாடியில் கல் கொத்துகிறவர், சின்னமுட்டத்தில் இருந்து கடலுக்குப் போகிறவர், கூடங்குளம் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போகும் நாற்பது வயதுக்காரர், பேரனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆஸ்பத்திரி என்று பொறுத்துக்கொண்ட பாட்டி என எல்லோரும் இப்படித்தான் வருகிறார்கள். நோயை விட இந்தத் தாமதம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு மணி நேரம்

இந்தத் தாமதம் நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. 2001 முதல் 2005 வரை இந்தியா முழுவதும் 89 மருத்துவமனைகளில், மாரடைப்பும் அதை ஒட்டிய தீவிர நெஞ்சுவலியுமாக வந்த 20,468 பேரைப் பதிவு செய்த 'கிரியேட்' என்ற ஆய்வு 2008-இல் லான்செட் இதழில் வெளியானது. வலி தொடங்கியதில் இருந்து மருத்துவமனைக்கு வந்து சேர ஆன நேரம், நடுத்தரக் கணக்கில், 360 நிமிடம். வந்த பிறகு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற ஆன நேரம் 50 நிமிடம். மருத்துவமனையில் போனது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. வீட்டிலும் வழியிலும் போனது ஆறு மணி நேரம்.

அந்த ஆறு மணி நேரத்தின் விலை என்ன? கட்டியைக் கரைக்கும் மருந்து பற்றிய 22 ஆய்வுகளை 1996-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வலி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்தால் ஆயிரம் பேரில் 65 உயிர் கூடுதலாகப் பிழைக்கிறது. இரண்டாவது மணி நேரத்தில் கொடுத்தால் அது 37. மூன்று மணி நேரம் தாண்டினால் முப்பதுக்கும் கீழே. மருந்து அதே மருந்துதான், மருத்துவரும் அவரேதான். கடைமடை வயலில் நாற்று கருகிய பிறகு மதகைத் திறந்து என்ன பயன் என்று நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இதயத் தசையும் அப்படித்தான். செத்த பகுதி திரும்பி வராது.

கிரியேட் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 சதவீதம், வசதியானவர்களில் 5.5 சதவீதம். கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது இந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஏழைகளின் இதயம் பலவீனமானது என்பதல்ல காரணம். அவர்களுக்கு உரிய சிகிச்சை போய்ச் சேரவில்லை.

வாய்வு என்று முடிவு செய்தது யார்?

"ஏப்பம் வந்ததும் கொஞ்சம் குறைஞ்சுது சார்." இந்த ஒரு வரி எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது! மாரடைப்பு வலி ஏறி இறங்கும் இயல்புடையது. அது இறங்கிய நேரத்தில் குடித்த சோடாவுக்கு நல்ல பெயர் போய்விடுகிறது. இதயத்தின் அடிப்பகுதியில் வரும் அட்டாக்கில் வயிறு எரியும், குமட்டும், வாந்தியும் வரும். அமில மருந்து குடித்து வலி குறைந்தால் இதயம் நன்றாக இருக்கிறது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஈசிஜி பார்க்காமல் என்னாலும் முடியாது. பக்கத்து வீட்டு அண்ணாச்சியால் எப்படி முடியும்?

"வலியே இல்லையே சார், மூச்சு வாங்குது, அவ்வளவுதான்" என்பது அடுத்தது. சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் சினிமா வலி வராமலே போகலாம். திடீரென்று மூச்சிரைப்பு, காரணம் இல்லாத வியர்வை, தாடையிலும் இடது கையிலும் முதுகிலும் ஒரு கனம், நாலு எட்டு நடந்தால் உடம்பு தள்ளாடுவது, இவையும் மாரடைப்புதான். வீட்டுப் பெண்கள் விஷயத்தில் குடும்பம் காட்டும் அலட்சியத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. "அம்மாவுக்கு எப்பவுமே அசதிதான்" என்று சொல்லிச் சொல்லியே கடைசியில் கொண்டுவருகிறார்கள்.

அடுத்து வாட்ஸ்அப் வைத்தியம். பலமாக இருமிக்கொண்டே இருந்தால் அட்டாக் நின்றுவிடும் என்று ஒரு செய்தி. நிற்காது. மிளகாய்த்தூள் கரைத்த தண்ணீர் குடித்தால் ஒரு நிமிடத்தில் சரியாகும் என்று இன்னொன்று. ஆகாது. முழங்கைக்கு உள்பக்கம் ஓங்கி அடிக்கச் சொல்லும் வீடியோவைப் பார்த்துவிட்டு, தந்தையின் கையைக் கன்றிப்போகும் வரை அடித்த மகனைப் பார்த்திருக்கிறேன். பாசத்தில்தான் செய்தார். அந்த நேரத்தில் 108-க்கு ஒரு அழைப்பு செய்திருக்கலாம்.

இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சிக் குடித்தால் இதய அடைப்பு கரையும் என்பது நம் வீடுகளில் ஆழமாக வேர்விட்ட நம்பிக்கை. பைபாஸ் தேவை என்று சொல்லி அனுப்பியவர் மூன்று மாதம் இதைக் குடித்துவிட்டு மூச்சிரைப்போடு திரும்பி வருகிறார். அடைப்பை இந்தச் சாறு கரைத்ததாக ஒரு நம்பகமான ஆய்வும் இல்லை. மருதம்பட்டை பற்றிச் சில சிறிய ஆய்வுகள் நடந்திருப்பது உண்மை. நாள்பட்ட நெஞ்சுவலியில் ஓரளவு உதவலாம் என்பதற்கு மேல் அவற்றிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. அட்டாக் வந்த நேரத்தில் கஷாயம் காய்ச்ச அடுப்பு மூட்டுவது உயிரோடு விளையாடுவது. வர்மம் தட்டுவதற்கும் எண்ணெய் தேய்ப்பதற்கும் இதே பதில்தான்.

நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஊருக்கே விநியோகிப்பவர்கள் உண்டு. பிரஷர் ஏற்கெனவே இறங்கியிருப்பவருக்கு அதைக் கொடுத்தால் இன்னும் இறங்கி மயங்கி விழுவார். சிலவகை மாரடைப்பில் அது நேரடியாகவே ஆபத்து. உங்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது உங்களுக்கு மட்டும்தான். வலி ஊசியும் அப்படியே. நெஞ்சுவலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்த வகை வலி மருந்துகள் இதய நோயாளிக்குத் தீங்கு செய்பவை.

"தடுப்பூசி போட்டதால்தான் இளைஞர்கள் செத்து விழுகிறார்கள்" என்று டீக்கடையில் இருந்து திருமண வீடு வரை பேசுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) இதை முறையாக ஆராய்ந்தது. 47 மருத்துவமனைகளில், 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 729 பேரை, அதே வயதுள்ள 2,916 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. ஆபத்தோடு தொடர்பு காட்டியவை வேறு: கோவிட்டுக்காக மருத்துவமனையில் படுத்திருந்தது, குடும்பத்தில் ஏற்கெனவே திடீர் மரணம் நடந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாட்களுக்குள் அளவுமீறிக் குடித்தது, அதே இரண்டு நாட்களுக்குள் கடுமையான உடற்பயிற்சி செய்தது. டீக்கடையில் குடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தேங்காய் எண்ணெய் பற்றிக் கேட்காதவர் இல்லை. கொச்சியில் இதய நோயாளிகள் 200 பேரிடம் இரண்டு ஆண்டுகள் தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் ஒப்பிட்டதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அவர்கள் முறையாக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பைக் கூட்டுகிறது என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. அளவாகத் தாளித்துக்கொள்ளுங்கள், பொரித்துத் தின்னாதீர்கள். என் கவலை எண்ணெயில் இல்லை, நிறுத்திவிட்ட மாத்திரையில்தான் இருக்கிறது.

"நல்லாயிட்டேன், மாத்திரையை விட்டுட்டேன்"

ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையும் கிளோபிடோக்ரலையும் தானாக நிறுத்தினால் அந்த ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். அது முதல் அட்டாக்கை விட மோசமானது. பல் பிடுங்கப் போகும்போதுகூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. கொழுப்பு மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். மாத்திரை தீர்ந்துபோனது என்பதும் காரணம் இல்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பவர்களை நான் என்ன சொல்வது?

நம் மாநிலத்தில் நடந்த ஆய்வு

பெரிய நகரத்தில் இருந்தால்தான் பிழைக்க முடியும் என்ற நினைப்பை உடைத்தது தமிழ்நாட்டில் நடந்த ஒரு ஆய்வு. கோவையின் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய இது 2017-இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வெளியானது. சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு நான்கு தொகுப்புகளாக இணைத்தார்கள். சிறிய இடத்திலேயே ஈசிஜி எடுத்து, கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்து, பிறகு ஆம்புலன்ஸில் பெரிய இடத்துக்கு அனுப்பி ஆஞ்சியோ செய்வது என்பது ஏற்பாடு. 108 ஆம்புலன்ஸும் அரசுக் காப்பீடும் இதில் சேர்ந்திருந்தன.

2,420 நோயாளிகளைப் பார்த்ததில், ஆஞ்சியோ கிடைத்தவர்கள் 35 சதவீதத்தில் இருந்து 60.8 ஆக உயர்ந்தார்கள். மருத்துவமனைக்குள் இறந்தவர்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்தில் இருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். புதிய மருந்து எதுவும் இல்லை, இருக்கிற சிகிச்சையை வரிசைப்படுத்தியதால் கிடைத்த பலன் இது. அஞ்சுகிராமத்தில் இருந்து மயிலாடி, சுசீந்திரம் தாண்டி நாகர்கோவிலுக்கும் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கும் போக வேண்டிய நமக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு இல்லை.

2023-இல் அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டமும் இதே வழியில் வந்ததுதான். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், கிளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றையும் முதல் தவணையாகக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். ஆஸ்பிரினின் வலிமையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 பேர். அட்டாக் வந்ததும் தொடங்கி ஒரு மாதம் கொடுத்த ஆஸ்பிரின் மட்டுமே இறப்பை 23 சதவீதம் குறைத்தது. கட்டி கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்ந்தபோது 42 சதவீதம்.

பரிசோதனைகள்

நெஞ்சுவலி என்று வந்தால் பார்ப்பவை இவை: ஈசிஜி, தேவைப்பட்டால் சற்று நேரம் கழித்து மறுபடியும் ஈசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ. முதல் ஈசிஜி சரியாக இருந்தால் தப்பித்தோம் என்று எழுந்து போகாதீர்கள்.

எல்லா அடைப்புக்கும் ஸ்டென்ட் வேண்டுமா?

அட்டாக் நேரத்தில் அடைப்பைத் திறப்பது உயிர் காக்கும். ஆனால் நடக்கும்போது மட்டும் வந்து, ஓய்வில் அடங்கிவிடும் நிலையான நெஞ்சுவலி வேறு. 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்த இஸ்கீமியா ஆய்வு 2020-இல் வெளியானது. இப்படிப்பட்டவர்களுக்கு உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்ததற்கும், முதலில் மருந்தைச் சரியாகக் கொடுத்ததற்கும் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. வலி குறைவதில் ஸ்டென்ட் உதவியது. எனவே நகையை அடகு வைத்துவிட்டு அன்றிரவே ஓட வேண்டிய அவசரம் இவர்களுக்கு இல்லை, இன்னொரு மருத்துவரைக் கேட்க நேரம் இருக்கிறது. அவசரம் வேண்டிய இடத்தில் நிதானமும், நிதானம் வேண்டிய இடத்தில் அவசரமும் காட்டுகிறோம்.

உங்களிடம் கேட்பது

கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் அட்டாக் சராசரியாக 53 வயதில் வந்தது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. நமக்கு ஆறு ஆண்டு முன்பே வருகிறது. மகளின் கல்யாணமும் மகனின் படிப்பும் முடியாத வயது அது. பெரும்பாலான அட்டாக்குகளுக்குக் காரணம் பீடி சிகரெட், பிரஷர், சுகர், கொழுப்பு, தொப்பை போன்ற நாம் மாற்றக்கூடியவைதான் என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

பீடியை விடுங்கள். சிகரெட்டை விட அது லேசானது என்ற எண்ணத்தையும் விடுங்கள். முப்பது வயது தாண்டியவர்கள் பிரஷரும் சுகரும் பாருங்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றையும் ஒரே இலையில் வைக்காதீர்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சிறு வயதில் அட்டாக் வந்திருந்தால் தயவுசெய்து இந்த மாதமே வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சில் அழுத்தமோ, வியர்வையோடு மூச்சிரைப்போ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றில் ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கட்டும். படியேற விடாதீர்கள், பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவராதீர்கள். நள்ளிரவு என்று தயங்க வேண்டாம், டாக்டர் தூங்குவார் என்று யோசிக்க வேண்டாம். வந்து பார்த்துக் கடைசியில் வெறும் வாய்வு என்று தெரிந்தால் யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம். அப்படிச் சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்பத்தான் நான் ஆசைப்படுகிறேன்.