பணிவிடை செய்தவர் படுத்துவிட்டால்



தாங்கள் அனுப்பும் காணிக்கை நோயாளியின் கட்டிலுக்கும் மருந்துக்கும் போய்ச் சேருகிறது. அந்தக் கட்டிலருகே நின்ற ஊழியரே நோயுற்றால் அவரைத் தாங்குவது யார்? இம்முறை இதைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறோம். பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். நம் நாட்டு நர்சுமார் அநேகர் அங்கே இருக்கிறார்கள். நம் சபைக் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

கோவிட் வந்து போன பின்பும் சிலருக்குச் சரீரம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மிகுந்த சோர்வு, மூச்சுத் திணறல், படபடப்பு, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நீடிக்கின்றன. இதையே நீண்டகாலக் கோவிட் என்கிறார்கள். இதன் பொல்லாத குணம் ஒன்று உண்டு. இன்று சற்றுப் பெலன் இருக்கிறதென்று வார்டில் அரைநாள் நின்றவர், நாளையோ மறுநாளோ எழுந்திருக்க முடியாமற் போகிறார். 'நேற்று நன்றாகத்தானே இருந்தார்?' என்று உடன் ஊழியருக்கே தோன்றும்.

பெருந்தொற்றுக் காலத்தில் அங்கே நல்ல ஏற்பாடு ஒன்று இருந்தது. கோவிட்டினால் வேலைக்கு வராதவருக்கு முழுச் சம்பளம் கிடைத்தது; அந்நாட்கள் வழக்கமான நோய் விடுப்பில் கழிக்கப்படவுமில்லை. இங்கிலாந்தில் 2022 ஜூலையில் இது நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே விடுப்பில் இருந்தவர்களும் செப்டம்பரில் பழைய விதிக்குள் வந்தார்கள். (2020இல் வியாழன்தோறும் வாசலில் நின்று இவர்களுக்காகக் கைதட்டிய நாடு அது.)

பழைய விதி என்ன? முதலாம் ஆண்டு ஊழியருக்கு ஒரு மாதம் முழுச் சம்பளமும், இரண்டு மாதம் அரைச் சம்பளமும். ஐந்து ஆண்டு முடித்தவருக்கு ஆறு மாதம் முழுதும், ஆறு மாதம் பாதியும். எலும்பு முறிவுக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ இது தாராளந்தான். குறை சொல்ல மாட்டோம். ஆனால் முந்தின 12 மாதங்களில் எடுத்த நாட்களும் இதில் கழிக்கப்படும். ஆகவே விட்டுவிட்டு வரும் நோய்க்காரர் தைரியமாக வேலைக்குத் திரும்பி மறுபடியும் படுத்தால், கணக்கு ஏறக்குறைய விட்ட இடத்திலிருந்தே ஓடுகிறது.

பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 2023இல் இந்நோயுள்ள 600க்கு மேற்பட்ட டாக்டர்களிடம் விசாரித்தது. நோய்க்கு முன் முழுநேரம் உழைத்தவர் 57 சதவீதம். பின்பு 31 சதவீதம். ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் வேலையே செய்ய இயலாதிருந்தார்கள்.

ஜெர்மனியில் மருத்துவ ஊழியருக்கு வேலையிடத்தில் தொற்றிய கோவிட், தொழில்வழி நோயாக ஏற்கப்படுகிறது. சிகிச்சை, மறுவாழ்வுப் பயிற்சி, உழைக்கும் திறன் பெரிதும் குறைந்தால் ஓய்வூதியம் எல்லாம் தொழில் காப்புறுதியின் பொறுப்பு. பிரிட்டனில் அரசின் ஆலோசனைக் குழு 2022 நவம்பரில் கோவிட்டின் ஐந்து கடும் பின்விளைவுகளுக்கு மட்டுமே அத்தகைய அந்தஸ்தைச் சிபாரிசு செய்தது. நுரையீரலில் இரத்தக்கட்டி அவற்றில் ஒன்று. ஸ்கேனில் தெரியாத சோர்வு பட்டியலில் இல்லை.

பணத்தைப்போலவே வேலை முறையும் முக்கியம். குறைந்த மணி நேரம், உட்கார்ந்து செய்யும் பணி, இரவு முறையிலிருந்து விலக்கு, நான்கு வாரத்தில் முடிந்துவிடாமல் மாதங்களாக நீளும் படிப்படியான திரும்புதல் ஆகியவையே அநேகரை வேலையில் நிலைநிறுத்தும். ஓராண்டு நீடித்து அன்றாட வாழ்வைப் பெரிதும் பாதித்தால் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பொருந்தக்கூடும். அப்போது இத்தகைய நியாயமான வசதிகளைச் செய்து தருவது நிர்வாகத்தின் கடமை.

தங்கள் பிள்ளைகள் அங்கே இந்நிலையில் இருந்தால், தொற்று கண்ட நாளையும் பணியாற்றிய வார்டையும் எழுத்தில் பதிந்து வைக்கவும், ராஜினாமாக் கடிதம் கொடுக்குமுன் தொழிற்சங்கத்தைக் கலந்துகொள்ளவும் தயவுசெய்து எழுதுங்கள்.