எண்ணி விற்கும் இறால்: இறங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

சென்னாக்குன்னியைப் படியிலும் எடையிலும் விற்றுப் பழகியவர்கள் நாம். அதற்குத் தூரத்து உறவான ஒரு சின்னஞ்சிறு இறாலை ஒன்று, இரண்டு என்று எண்ணி விற்கும் வியாபாரமும் நாட்டில் நடந்து வருகிறது. கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்க்கப்படும் நன்னீர் வண்ண இறால்தான் அது. வண்ண மீன் வளர்ப்புக்கும் மொத்த வியாபாரத்துக்கும் பெயர் பெற்ற சென்னை கொளத்தூர் கடைகளில் மீனோடு மீனாக இதுவும் விற்பனையாகிறது.

போடி, சிலமலை வட்டாரத்தில் ஏலக்காய் வரத்துக் குறைந்த மாதங்களில் கைக்கு ஒரு உபதொழில் வேண்டும் என்று எண்ணும் வியாபாரிகள் உண்டு. கடையின் ஓரத்தில் இரண்டு தொட்டி வைத்தால் போதும், இறால் தானே பெருகும் என்று அவர்களிடம் ஆசை காட்டுவோரும் உண்டு. இறால் பெருகும் என்பது உண்மை. ஆனால் ஒரே இரவில் மொத்த இருப்பும் செத்துப் போகக் கூடிய சரக்கு இது என்பதும் உண்மை. ஆகவே இரண்டு பக்கத்தையும் இங்கே எடுத்து வைக்கிறோம்.

என்ன சரக்கு?

தொடங்குவோருக்கு ஏற்றது செர்ரி இறால். சீனா, தைவான் பகுதி நீரோடைகளைச் சேர்ந்தது. வளர்ந்தால் 2 முதல் 3 சென்டிமீட்டர். ஆயுள் ஒன்று முதல் இரண்டு ஆண்டு. இயற்கையில் மங்கலான பழுப்பு நிறம். சிவப்பு தட்டியவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வளர்த்து இன்றைய நிறத்தைக் கொண்டு வந்தார்கள்.

அடுத்தது கிரிஸ்டல் ரெட் எனப்படும் சிவப்பு வெள்ளைப் பட்டை இறால். 1990களில் ஜப்பானைச் சேர்ந்த ஹிசயாசு சுசுகி என்பவர், கறுப்பு வெள்ளைப் பட்டை இறால்களுக்கு இடையே பிறந்த சிவப்பு இறாலைத் தனியே பிரித்து வளர்த்து நிலைப்படுத்திய வகை. விலை கூடுதல். ஆனால் 20 முதல் 24 டிகிரி குளிர்ச்சியும், சற்றே புளிப்புத் தன்மையுள்ள மென்னீரும் வேண்டும். போடியின் கோடைக்குக் குளிர்விக்கும் கருவி இல்லாமல் இது நிற்காது.

பாசி தின்னும் அமானோ இறாலும் கடைகளில் உண்டு. இதன் குஞ்சுகள் உப்பு நீர் இருந்தால்தான் பிழைக்கும். எனவே வீட்டுத் தொட்டியில் பெருக்கலாம் என்று நம்பி இதை வாங்க வேண்டாம்.

தரம் பிரித்தலும் கலப்படமும்

ஏலக்காயைச் சல்லடையில் இட்டு 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று தரம் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. இறாலிலும் அப்படியே. நிறம் எவ்வளவு அடர்த்தி, காலும் நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். தரத்துக்குத் தக்கபடி விலை பலமடங்கு மாறும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செர்ரி வகையில் சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் ஒரே இனம். பார்வைக்கு அழகாயிருக்கும் என்று மூன்றையும் ஒரே தொட்டியில் விட்டால் அவை தமக்குள் கூடி, சில தலைமுறைகளில் பழைய பழுப்பு நிறத்துக்கே திரும்பிவிடும். முதல் தரச் சரக்கில் மூன்றாம் தரத்தைக் கலந்த கதைதான். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் என்பது மாறாத விதி.

தண்ணீர்தான் முதல்

புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்றே இறாலை விடுவதுதான் பெரும்பாலான நட்டத்துக்குக் காரணம். கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை பாசிச் செடியும், காற்று மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் வடிகட்டியும் மட்டுமே தொட்டியில் இருக்கட்டும். கல்லிலும் இலையிலும் படியும் வழுவழுப்பான நுண்பாசிதான் குஞ்சுகளின் முதல் உணவு. சுத்தமாகப் பளபளக்கும் புதுத் தொட்டியில் குஞ்சு பட்டினியால் சாகும்.

நகராட்சிக் குடிநீரில் குளோரின் உண்டு. வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்ற வேண்டும். செப்புக் குடத்துத் தண்ணீர் கூடாது. செம்பு இறாலுக்கு நஞ்சு. மீன் நோய்க்கு விற்கும் மருந்துகளில் செம்பு கலந்தவை உண்டு என்பதால் சீட்டைப் படிக்காமல் ஊற்றக் கூடாது. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். மொத்தமாக மாற்றினால் இறால் ஓடு கழற்றும்போது திணறிச் சாகும். கழற்றிப் போட்ட ஓட்டைச் செத்த இறால் என்று எண்ணி எடுத்து எறிய வேண்டாம். சுண்ணாம்புச் சத்துக்காக அவை அதையே தின்னும்.

புதுச் சரக்கு வந்ததும் பையைத் தொட்டியில் கவிழ்க்கக் கூடாது. ஒரு பாத்திரத்தில் விட்டு, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றிரண்டு மணி நேரம் இறக்கிப் பழக்கிய பின்பே விட வேண்டும்.

அலமாரியில் இருக்கும் ஆபத்து

மளிகைக் கடைக்காரர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். இறாலும் பூச்சியும் கணுக்காலிகள் என்ற ஒரே பெருங்குடும்பம். பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து இறாலின் நரம்பையும் தாக்கும். நாம் விற்கும் கொசுவர்த்திச் சுருள், மின்சாரத்தில் வைக்கும் கொசு திரவம், கரப்பான் ஸ்பிரே ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை நஞ்சு. லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கிலேயே அது இறாலைக் கொல்லும். காற்று மோட்டார் கடைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் செலுத்துகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதே தொட்டியில் மீன் நீந்திக்கொண்டிருக்க, இறால் மட்டும் மல்லாந்து கிடக்கும்.

குடோனில் புழு வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் வாயு மனிதருக்கே எமன். அதன் பக்கம் தொட்டி எண்ணமே கூடாது. ஸ்பிரே அடித்த கையைத் தொட்டிக்குள் விடுவதும், தொட்டி இருக்கும் அறையில் சுருள் கொளுத்துவதும் கூடாது. ஆகவே தொட்டியைக் கடையில் வைப்பதை விட வீட்டில், சுருள் கொளுத்தாத அறையில் வைப்பதே அறிவுடைமை.

மலை ஓடைத் தண்ணீர் மென்மையானது, இறாலுக்கு நல்லது என்று சொல்வார்கள். ஆனால் ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்துகள் அடிக்கப்படுவது நாம் அறிந்ததே. மருந்தடித்த சரிவில் இறங்கி வரும் ஓடை நீரை நம்பித் தொட்டியில் ஊற்றக் கூடாது. தீனிக்குப் போடும் கீரைக்கும் இதே விதி. மருந்து படாத வீட்டுக் கீரையைக் கொதிநீரில் வாட்டிச் சிறு துண்டு போடலாம். காய்ந்த நாட்டு வாதுமை இலை நல்ல தீனி. இரண்டு மணி நேரத்தில் தின்று தீராததை எடுத்துவிட வேண்டும்.

பெருக்கமும் கோடையும்

பெண் இறால் ஒரு முறைக்கு 20 முதல் 30 முட்டை வரை வயிற்றின் கீழ் சுமக்கும். 3 முதல் 4 வாரத்தில் பெரிய இறாலின் உருவத்திலேயே குஞ்சு வெளிவரும். பத்துப் பெண் இறாலுக்கு மாதம் இருநூறு குஞ்சு என்பது தாளில் போடும் கணக்கு. தொட்டியில் மீன் இருந்தால் குஞ்சு அதற்கு இரை. வடிகட்டியின் வாயில் ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் குஞ்சு உள்ளே போய்விடும்.

செர்ரி இறாலுக்கு 22 முதல் 26 டிகிரி உகந்தது. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் உயிர்க்காற்று குறையும், சினை உதிரும். தொட்டியின் மேல்பரப்பில் சிறு மின்விசிறிக் காற்று பட்டால் சில டிகிரி இறங்கும். மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் வேண்டும். இவற்றையும் முதலீட்டுக் கணக்கில் சேர்க்காதவர் லாபக் கணக்குப் போடக் கூடாது.

விற்பனைக்கு முன்

2020ல் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுப் புழக்கடை அலங்கார மீன் கூடத்துக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பு வகுத்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் என்று வைத்தார்கள். இறால் வளர்ப்புக்கு அது பொருந்துமா, இப்போது விண்ணப்பிக்க இயலுமா என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டறிய வேண்டும். மானியத்தை நம்பி முதலில் கடன் வாங்குவது தவறு.

மிஞ்சிய இறாலைக் கொட்டகுடி ஆற்றிலோ கண்மாயிலோ விடக் கூடாது. ஜப்பான், ஜெர்மனி, ஹவாய்த் தீவு ஆகிய இடங்களில் இவ்விதம் வெளியே போன செர்ரி இறால் இயற்கை நீர்நிலைகளில் பெருகியிருக்கிறது. நம் ஆற்றின் சொந்த உயிர்களுக்கு நாமே போட்டியை இறக்கிவிடலாகாது.

முடிவாக நமது யோசனை இது. வீட்டில் ஒரு தொட்டி, ஒரு நிறம், இருபது செர்ரி இறாலோடு தொடங்குங்கள். ஒரு கோடையைக் கடக்கட்டும். இறந்தது எத்தனை, பிறந்தது எத்தனை என்று கடைப் பேரேடு போலவே தேதி போட்டு எழுதி வாருங்கள். ஓர் ஆண்டு முடிவில் அந்தக் கணக்கில் மிச்சம் தெரிந்தால் இரண்டாவது தொட்டி வாங்கலாம். தெரியாவிட்டால், போன பணம் ஒரு தொட்டியின் விலையோடு நிற்கும். கடையின் முதலுக்குச் சேதம் இல்லை.