நான்கு பிரதேசம், ஒரு போலீஸ்

பிரெஞ்சு ஆட்சி போய் எழுபது ஆண்டுகள் ஆன பின்னும் சிவப்புக் கெப்பித் தொப்பி தரித்து நிற்கும் புதுச்சேரிக் காவலரைக் கண்டு வியக்கும் யாத்ரிகர்கள், அதே இலாகாதான் தெற்கே காரைக்காலிலும், ஆந்திரத்தில் ஏனாமிலும், மலையாளக் கரையில் மாஹேயிலும் காவல் புரிகிறது என்று அறிந்தால் இன்னும் வியப்பார்கள். மாஹேயின் விஸ்தீரணம் 9 சதுர கிலோமீட்டர். அதற்கெனத் தனித் தலைமையும் தனிப் பயிற்சிப் பள்ளியும் வைப்பது பொதுஜனங்களின் வரிப்பணத்தை விரயம் செய்வதேயாகும். ஆகவே இந்த ஐக்கியம் நியாயமானது.

ஆனால் சிக்கனத்தை மட்டுமே கருதுகிறவர்கள் இதோடு நிற்பதில்லை. இந்தச் சிறு பிரதேசங்களை அண்டை மாநிலங்களோடு சேர்த்துவிடலாம் என்ற யோசனை மொரார்ஜி தேசாய் காலத்தில் எழுந்தபோது, 1979 ஜனவரியில் புதுச்சேரி ஜனங்கள் வீதியில் இறங்கி அதை முறியடித்தார்கள்.

சிக்கனத்துக்கான இணைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஸ்காட்லாந்தே சாட்சி. அங்கே எட்டுப் போலீஸ் படைகளை 2013 ஏப்ரல் 1இல் ஒன்றாக்கினார்கள். கட்டுப்பாட்டு அறைகளையும் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2015 ஜூலையில், எம் 9 நெடுஞ்சாலையோரம் கார் ஒன்று விபத்துக்குள்ளாகிக் கிடப்பதாக ஒருவர் தொலைபேசியில் சொன்ன செய்தி, நோட்டுப் புத்தகத்தில் குறிக்கப்பட்டதே தவிரக் கணினியில் ஏறவில்லை. மூன்று நாள் கழித்தே காரை அடைந்தார்கள். இருவர் உயிர் போயிற்று. 2021இல் நீதிமன்றம் அந்தப் போலீஸுக்கு ஒரு லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

நம் ஊரில் மேலதிகாரிகள் அருணாச்சலம், கோவா, மிசோரம், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றுக்குப் பொதுவான பட்டியலிலிருந்து வந்து மாறிப் போகிறவர்கள். எந்தத் தெருவில் எந்தச் சச்சரவு புகைகிறது என்பது அங்கேயே பல்லாண்டு உழைத்த ஏட்டுக்குத்தான் தெரியும். அந்த ஞானத்தை எந்த இணைப்பும் உண்டாக்கித் தராது. அலட்சியமான இணைப்பு அழித்துவிடும்.

மெய்யான தொல்லை எல்லையில் இருக்கிறது. முத்தியால்பேட்டையைக் கடந்தால் கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம். வில்லியனூர், பாகூர்ப் பக்கங்களிலோ தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்ட வழக்கில், கைதானவர்களுள் புதுச்சேரிக்காரர்களும் இருந்தார்கள். சாராயத்துக்குத் தெரியாத எல்லை போலீஸுக்கு மட்டும் சுவராக நிற்பது சகிக்கத் தகாதது. எனவே படைகளை இணைக்கும் பேச்சை விடுத்து, இரு தரப்பு எல்லை நிலையங்களும் ஒரே வயர்லெஸ் அலைவரிசையில் பேசவும், குற்றவாளிகளின் பதிவேடுகளை அன்றன்றே பகிரவும், இரவு ரோந்தைச் சேர்ந்தே நடத்தவும் இரு அரசுகளும் எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். மாஹேயிலும் ஏனாமிலும் புகார் எழுதிக்கொள்ளும் மேஜையில், அவ்வூர்ப் பாஷையைத் தாய்மொழியாகக் கொண்டவரையே அமர்த்த வேண்டும்.