யூபாரி: நிலக்கரி வளர்த்த நகரம்

யப்பான் தேசத்தின் வடபாகத்திலுள்ள பெருந்தீவு ஹொக்கைடோ. பனி மிகுந்த அத்தீவின் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றிலே யூபாரி என்னும் நகரம் இருக்கின்றது. 1960ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் தொகை 116,908. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது எஞ்சியிருந்தோர் 7,334 பேர் மாத்திரமே. இடையிலே போர் நிகழவில்லை. கொள்ளை நோயும் ஊரை அழிக்கவில்லை. அங்ஙனமாயின் அம்மக்கள் எங்கே போயினர்?

1874ஆம் ஆண்டில் லைமன் என்னும் அமெரிக்கப் புவியியலாளர் அப்பகுதியை ஆராய்ந்து சென்றார். அவரிடம் தொழில் பயின்ற பான் இச்சிதாரோ 1888இல் மீண்டும் அங்கு சென்று, ஆற்றோரத்திலே ஏறத்தாழ 24 அடிக் கனமான நிலக்கரிப் படையினைக் கண்டார். ஈராண்டில் சுரங்கம் திறக்கப்பட்டது. 1892இல் கரியை ஏற்றிச் செல்லப் புகையிரதப் பாதையும் வந்துவிட்டது. உருக்காலைகளுக்கு உகந்த உயர்ந்த கரி அது. ஆகவே நாடெங்கணுமிருந்து தொழிலாளர் குடும்பங் குடும்பமாகக் குடியேறினர். 1943இல் யூபாரி நகர அந்தஸ்துப் பெற்றது.

கரியோடு கூடவே மீதேன் வாயுவும் அங்கு அடைபட்டுக் கிடந்தது. 1914இல் நேர்ந்த வெடிவிபத்து ஒன்றில் மாத்திரம் நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1960க்குப் பின்னர் மலிவான எண்ணெயும் பிறநாட்டுக் கரியும் வந்து குவியவே, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்படலாயின. எஞ்சியிருந்த நம்பிக்கையெல்லாம் 1970களில் திறக்கப்பட்ட புதிய சுரங்கத்தின் மீதே இருந்தது. 1981 ஒக்டோபர் 16ஆந் திகதி அதனுள்ளே வாயு பீறிட்டது. பின்னர் தீயும் மூண்டது. தீயை அணைக்க வேறு வழியின்றிச் சுரங்கத்துள் நீரைப் பாய்ச்ச வேண்டுமென்றனர். உள்ளே 59 பேர் மீட்கப்படாதிருந்தனர். அவர்தம் குடும்பத்தாரிடம் சம்மதம் கேட்கப்பட்டது! அக்கேள்விக்கு ஒரு தாயோ மனைவியோ எவ்வாறு விடையளித்திருப்பாள் என எண்ணிப் பார்க்கவும் நெஞ்சு துணியவில்லை. ஒரு வாரத்தின் பின் நீர் பாய்ச்சப்பட்டது. இறந்தோர் மொத்தம் 93 பேர். கடைசிச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது.

இதற்கிடையில் நகரசபை உல்லாசப் பிரயாணிகளை நாடிற்று. நிலக்கரி வரலாற்றுக் கிராமம், விளையாட்டுப் பூங்கா, திரைப்பட விழா என்று கடன்பட்டுச் செலவிட்டது. ஊரை நிறுத்தி வைக்கும் ஆசையைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் கணக்கு வழக்குகளில் கடனை மறைத்துக் காட்டியதை மன்னிப்பது அரிது. 2006இல் உண்மை வெளிப்பட்டது. கடன் சுமார் 3,500 கோடி யென். வரிகள் உயர்ந்தன, ஊழியர் சம்பளம் வெட்டப்பட்டது, 171 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை 19 கட்டில்களுடன் சுருங்கிற்று, நூலகமும் மூடப்பட்டது. நகரில் இன்று ஆரம்பப் பாடசாலை ஒன்றே ஒன்று. ஆசிரியத் தொழிலில் உள்ள எனக்கு, மற்றெல்லாத் தொகைகளிலும் இவ்வொன்றே பெரிதாகத் தோன்றுகின்றது. கடன்பட்ட காலத்தில் வாழ்ந்தோரிற் பலர் போய்விட, போகவியலாத முதியோரும் இளஞ் சிறாருமே சுமையைத் தாங்க நேர்ந்தது.

சுரங்கங்கள் நலிந்த காலத்திலேயே சில விவசாயிகள் செந்நிறச் சதையுள்ள முலாம்பழத்தைப் பயிரிட்டு வளர்த்தனர். இன்று யூபாரி என்றால் யப்பானியர் நினைவுக்கு வருவது அப்பழமே. 2019 மே மாதத்தில் முதல் அறுவடைப் பழங்கள் இரண்டு ஏலத்தில் 50 இலட்சம் யென்னுக்கு விலைபோயின. அவ்வாண்டு மார்ச் 31ஆந் திகதிதான், கரிக்காக 1892இல் இடப்பட்ட பாதையிலே யூபாரி நிலையத்திலிருந்து கடைசிப் புகையிரதம் புறப்பட்டுச் சென்றது.