அரபா வெளியும் அநுமதிச் சீட்டும்

ஹஜ் யாத்திரையின் உயிர்நாடியாக அமைவது துல்ஹஜ் ஒன்பதாம் நாள் அரபா வெளியில் தரித்து நிற்றலாகும். நண்பகல் தொடக்கம் ஞாயிறு மறையும்வரை அங்கு இறைஞ்சி நிற்றல் மரபு. இஹ்ராம் பூண்ட ஆடவர் தைக்கப்படாத இரு துணிகளையே அணிவர். அவர் தலையை மூடுதல் ஆகாது. குடை பிடித்தற்குத் தடையில்லை. சந்திர ஆண்டு ஞாயிற்றாண்டிலும் ஏறத்தாழ 11 நாள் குறைந்ததாதலின், யாத்திரைக்காலம் ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது.

2024ஆம் ஆண்டு அது யூன் மாத நடுப்பகுதியில் அமைந்தது. மக்காவில் வெப்பநிலை 51.8 பாகை செல்சியஸை எட்டிற்று. 1,301 பேர் மாண்டனர் எனவும், அவருள் நூற்றுக்கு 83 பேர் அநுமதியின்றி வந்தோர் எனவும் சவூதி அரசு அறிவித்தது. வெயில் அனைவர்க்கும் ஒன்றாயிருக்க இவ்வேறுபாடு ஏன் நேர்ந்ததென நாம் நோக்குதல் வேண்டும்.

சவூதி அரேபியா 2019 முதல் சுற்றுலா விசா வழங்கி வருகிறது. அதனைக்கொண்டு உம்றா செய்யலாம், ஹஜ் செய்தலாகாது. நாடுதோறும் ஒதுக்கப்பட்ட தொகையுள் இடம்பெறாதோரும், பெருஞ்செலவைத் தாங்கவியலாதோரும் வேறு விசாக்களில் வந்து சேர்ந்தனர். பதிவுபெற்றோர்க்குரிய குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் கிட்டாமையால், இவர்கள் நெடுந்தூரம் வெயிலில் நடக்க நேர்ந்தது.

குறுகிய இடத்திற் பெருந்திரளானோர் கூடுகையில் கட்டுப்பாடு இன்றியமையாததே. ஆயினும், செல்வரையும் வறியரையும் இஹ்ராம் ஒரே கோலத்தில் நிறுத்தும் அவ்வெளியில், நிழல் சீட்டுடையார்க்கே உரித்தாயிற்று. சட்டத்தை மீறியோர்க்கும் நீரும் நிழலும் மறுக்கப்படலாகா என்பதே நமது துணிபு.